க்ரூசரை வாங்கி பாபர் ஆக்க எந்த வண்டி நல்ல அடிப்படை? (டர்பன் பக்கம்)

வெருலம்_வீல்
வணக்கம். பழைய க்ரூசர் ஒன்றை வாங்கி ஒற்றை சீட் பாபர் (தேவையற்றதைக் கழற்றி, மட்கார்டைக் குறுக்கிய வண்டி) ஆக்கும் எண்ணம். மொத்தம் 70,000 ராண்ட், அதில் வண்டிக்கு 45,000 வரை. கிரைண்டர், மிக் வெல்டர், ஓரளவு கருவிகள் கைவசம். தினமும் டர்பனுக்குள் ஓட்டம், மாதம் ஓரிரு முறை என்3 நெடுஞ்சாலை வழியாக பீட்டர்மாரிட்ஸ்பர்க். பார்த்து வைத்திருப்பவை: யமஹா ட்ராக்ஸ்டார் 650, ஹோண்டா ஷேடோ விடி600, கவாசாகி வல்கன் 800, ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் 883. படத்தில் எல்லாமே அழகாக இருக்கின்றன. வெட்டத் தொடங்கிய பிறகு எது கழுத்தை அறுக்கும் என்பதுதான் தெரிய வேண்டும்.

பட்டறைக்காரன்
தம்பி, எதை மாற்றலாம் என்று பார்த்து வண்டி வாங்காதே. எதை மாற்றவே முடியாது என்று பார்த்து வாங்கு. ஹேண்டில்பார், சீட், டேங்க், சைலன்சர் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளும் சட்டை. மாறாதது மூன்று: பின்சக்கரத்துக்கு விசை போகும் முறை, ஃபிரேமின் பின்பாதி, பதிவுக் காகிதம்.

முதலாவதை எடுத்துக்கொள். ட்ராக்ஸ்டார் 650 ஷாஃப்ட் வண்டி, செயினுக்குப் பதில் சுழலும் தண்டு. சக்கர ஹப், கியர் பெட்டியோடு பல் கோத்து உட்காரும். அதனால் வேறு வண்டியின் சக்கரம் ஏறாது. ஸ்போக் சக்கரம் என்பதால் அதே ஹப்பில் வேறு ரிம் கோக்கலாம், அவ்வளவுதான். ரிம் 15 அங்குலம், டயர் 170/80-15. அந்த அளவில் டயர் தேர்வு குறைவு. விடி600-க்கும் பின்னால் அதே 15 அங்குலம்தான், ஆனால் செயின் வண்டி. 16 அங்குல ரிம் போட்டுப் பற்சக்கரத்தை மாற்றி வேகக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். வல்கன் 800-ம் செயின், பின்னால் 16 அங்குலம்.

இரண்டாவது, ஃபிரேம். நீ சொன்ன மூன்று ஜப்பான் வண்டிகளிலும் ஷாக் உள்ளே மறைந்திருக்கிறது, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) முக்கோணமாக, ஷாக்கே இல்லாத ஹார்ட்டெயில் ஃபிரேம் போலவே தெரியும். பாபர் உருவத்துக்கு வேண்டிய கோடு கம்பெனியிலேயே போட்டுத் தந்திருக்கிறது. அதை வெட்டி நிஜ ஹார்ட்டெயில் ஆக்குவது கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது.

என் ஓட்டு வல்கன் 800. 805 சிசி, தண்ணீர்க் குளிர்ச்சி, இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே 36 மி.மீ. கெய்ஹின் கார்புரேட்டர். ட்யூன் செய்யும்போது இதன் அருமை தெரியும்.

கரும்புத்தோட்டம்
> என் ஓட்டு வல்கன் 800

ரேடியேட்டரை மறந்துவிட்டீர்களே அண்ணே. முன்பக்கம் இரண்டு குழாய்களுக்கு நடுவே சல்லடை மாதிரி நிற்கும். தண்ணீர்க் குழாய்கள், தெர்மோஸ்டாட், ஃபேன், நிரப்புக் குப்பி எல்லாவற்றையும் ஒளிக்க இடம் வேண்டும். விடி600-க்கும் அதே கதை. ட்ராக்ஸ்டார் காற்றுக் குளிர்ச்சி, எஞ்சினைச் சுற்றி ஒன்றும் இல்லை. பழைய பாபரின் அழகே அந்த வெறுமைதான்.

கடற்கரையில் செயின் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். ப்ளஃப், உம்லாங்கா பக்கம் வண்டி வெளியே நின்றால் ஓ-ரிங் செயினின் வெளித்தகடு ஒரே மழைக்காலத்தில் பழுப்பாகிவிடும். ஷாஃப்டுக்கு அவ்வப்போது கியர் எண்ணெய் மாற்றினால் போதும். டயர் கழற்றும்போது ஹப் பற்களுக்கு மாலிப்டினம் கிரீஸ் வைக்க வேண்டும். வைக்காமல் ஓட்டிய வண்டியில் பற்கள் கத்தி முனைபோலத் தேய்ந்திருக்கும். வாங்குமுன் பின்சக்கரத்தைத் தூக்கி, கியரில் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று நிறைய ஆடினால் ஹப்பும் போச்சு, காசும் போச்சு.

பட்டறைக்காரன்
ஒப்புக்கொள்கிறேன், பார்வைக்கு ட்ராக்ஸ்டார்தான். ஆனால் 40 குதிரைத்திறன், 215 கிலோவுக்கு மேல் எடை. என்3-ல் கீ ரிட்ஜ் ஏற்றத்தில் லாரியைத் தாண்டும்போது மூச்சு வாங்கும். விடி600 அதைவிடச் சோதனை: 583 சிசி, நான்கே கியர். 120-ல் போகும்போது ஐந்தாவதைத் தேடி இடது கால் தானாகவே மேலே போகும். நகரத்துக்குள் மட்டும் என்றால் தாராளமாக எடு.

மின்கம்பி
யாரும் ஸ்போர்ட்ஸ்டரைத் தொடவில்லை. எல்லா ஸ்போர்ட்ஸ்டரும் ஒன்றல்ல, ஆண்டைப் பார்க்க வேண்டும்.

2003 வரை எஞ்சின் நேரடியாக ஃபிரேமில் போல்ட் போட்டிருக்கும். எடை குறைவு, நடுக்கம் அதிகம். நடுக்கத்தால் தகரத் துண்டுகள் விரிசல் விடும், பல்பு இழை அறும். 2004 முதல் ரப்பர் மவுண்ட். 2007 முதல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். ஆக 2004, 2005, 2006 இந்த மூன்று ஆண்டுகளில்தான் ரப்பர் மவுண்டும் கார்புரேட்டரும் சேர்ந்து வரும். வெட்டி ஒட்டும் ஆளுக்கு அதுதான் பொன்னான இடைவெளி. 2007-க்குப் பிறகு டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் இருக்கும்; சின்ன வேர்க்கடலை டேங்க் மாட்ட ஆசைப்பட்டால் பம்புக்கு அடித்தட்டு இருக்கும் டேங்காகத் தேட வேண்டும், விலை ஏறும். 2004-ல் ஃபிரேமே மாறியதால் அதற்கு முந்தைய டேங்க் பிந்தையதில் நேராக உட்காராது. "ஸ்போர்ட்ஸ்டர் டேங்க்" என்று மட்டும் போட்டு விற்பவரிடம் ஆண்டைக் கேளுங்கள்.

883-ஐ 1200 ஆக்கலாம் என்பது பெரிய கவர்ச்சி. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 96.8 மி.மீ., போர் மட்டும் 76.2-லிருந்து 88.9 ஆகிறது. ஆனால் 883 ஹெட்டின் எரியறை சின்னது. தட்டையான 1200 பிஸ்டனைப் போட்டால் அழுத்த விகிதம் எகிறி எஞ்சின் தட்டும். குழிந்த பிஸ்டன் போட வேண்டும், அல்லது 1200 ஹெட்டையே மாற்ற வேண்டும்.

பின்னால் இரட்டை ஷாக் வெளியே தெரியும். பாபர் கோடு வேண்டும் என்பவர்கள் இங்கேதான் ஷாக்கைக் கழற்றி இரும்புக் கம்பி மாட்டுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஷாக்கின் மேல் மவுண்ட், ஸ்பிரிங் தாங்கி மெதுவாகக் கொடுக்கும் விசைக்காகச் செய்தது. கம்பி போட்டால் ஒவ்வொரு குழியின் அடியும் முழுசாக அந்த போல்ட்டில் இறங்கும். வெல்டில் முடி போல விரிசல் விழும், பெயிண்டுக்கு அடியில் தெரியாது.

வெருலம்_வீல்
2004–06 ஸ்போர்ட்ஸ்டர் என் பட்ஜெட்டில் கிடைப்பதாகத் தெரியவில்லை. கிடைப்பவையெல்லாம் ஜோஹன்னஸ்பர்க்கில். ஒரு வல்கன் 800, 21 அங்குல முன்சக்கர மாடல், அங்கேயே இருக்கிறது. பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றிக் கொண்டுவரலாம். யோசனை சொல்லுங்கள்.

ஹைவெல்ட்_வாசி
கொண்டுவாருங்கள், ஆனால் இறக்கிய கையோடு நீளப் பயணம் போகாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. இங்கே ஜோஹன்னஸ்பர்க்கில் யாராவது கார்புரேட்டரைத் திறந்து உயரத்துக்கு ஏற்றபடி சின்ன ஜெட் (பெட்ரோல் போகும் துளையுள்ள திருகு) போட்டிருந்தால், கடலோரத்தில் கலவையில் பெட்ரோல் போதாது. எஞ்சின் சூடேறும், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும், பிளக் வெள்ளையாகும். அப்படியே என்3-ல் ஏற்றத்தில் முறுக்கினால் பிஸ்டனுக்கு ஆபத்து. கணக்கு தோராயமாக இப்படி: இங்கே 125 மெயின் ஜெட்டில் சரியாக ஓடிய வண்டிக்கு அங்கே 130 பக்கம் வேண்டியிருக்கும். கம்பெனி ஜெட்டை யாரும் தொடவில்லை என்றால் கவலையில்லை.

அதனால் விற்பவரிடம் முதல் கேள்வி, கார்புரேட்டரைத் திறந்தது உண்டா. வண்டி வந்ததும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி ஜெட் எண்ணைப் படித்துவிடுங்கள். மிக்குனி எண்ணும் கெய்ஹின் எண்ணும் ஒரே அளவீடு அல்ல, திருகு மரையும் வேறு. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் நம்ப வேண்டாம்.

பெட்ரோலும் கவனம். இங்கே பங்கில் பெரும்பாலும் 93 ஆக்டேன், அங்கே 95. அழுத்த விகிதம் கூட்டிய எஞ்சின் மலைமேல் 93-ல் தட்டாமல் ஓடியிருக்கும். கடலோரத்தில் சிலிண்டர் நிறையக் காற்று போகும்போதுதான் தட்டும் சத்தம் வெளியே வரும்.

கரும்புத்தோட்டம்
கார்புரேட்டர் பேச்சு வந்ததால் கூடவே ஒன்று. பாபர் என்றாலே ஏர்பாக்ஸை (காற்று வடிகட்டிப் பெட்டியை) தூக்கி எறிந்து கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்கள். இந்த வண்டிகளின் கார்புரேட்டர் எல்லாம் வெற்றிடத்தில் ஸ்லைடு ஏறும் வகை. ரப்பர் டயாஃப்ரத்தின் மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் ஸ்லைடைத் தூக்குகிறது. கீழ்ப்பக்கக் காற்றுக்கு கார்புரேட்டர் வாயிலேயே ஒரு சின்னத் துளை இருக்கும். மலிவான கூம்பு ஃபில்டரின் ரப்பர் உதடு அந்தத் துளையை மூடிவிடும். ஸ்லைடு ஏறாது, பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் வண்டி இழுக்காது. ஜெட்டைப் பத்து முறை மாற்றினாலும் சரியாகாது. ரப்பரை உட்பக்கமாகச் செதுக்கித் துளைக்கு வழிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

ஜெட் போடும் வரிசை: முதலில் பைலட் திருகை (ஐடில் கலவையைச் சரிசெய்யும் திருகு) லேசாக முட்டும் வரை மூடி, இரண்டரைச் சுற்றுத் திறந்து ஐடில் பார். அடுத்து ஊசிக்கு அடியில் அரை மி.மீ. வாஷர் ஒன்று, அது நடு வேகத்துக்கு. கடைசியில்தான் மெயின் ஜெட். அதைச் சோதிக்க, மூன்றாவது கியரில் முழுத் திறப்பில் சிறிது தூரம், அப்படியே கிளட்ச் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி பிளக்கைப் பார். ஐடிலில் வீடு வரை ஓட்டி வந்து பார்த்தால் பிளக் ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும்.

பட்டறைக்காரன்
வெல்டர் இருக்கிறது என்று சொன்னாயே, அதனால் மட்கார்டு விஷயம். வல்கன் மாதிரி மறைந்த ஷாக் வண்டியில் பின் மட்கார்டை ஸ்விங்ஆர்மிலேயே மாட்டு. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி போதும். டயர் சுழலும்போது கொஞ்சம் உப்பும், அதனால் 15 மி.மீ.க்குக் கீழே போகாதே. ஸ்போர்ட்ஸ்டர் போல ஃபிரேமில் மாட்டும் வண்டிக்கு ஷாக்கின் முழு ஓட்டத்துக்கும் இடம் விட வேண்டியதால் அந்த ஒட்டிய தோற்றம் வராது.

மட்கார்டு அசைவதால் டெயில் லைட் கம்பிக்கு ஸ்விங்ஆர்ம் அச்சின் அருகே ஒரு தளர்வான வளைவு கொடு. கொடுக்காவிட்டால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் செம்பு உள்ளே அறுந்து, பிரேக் லைட் மட்டும் நினைத்தால் எரியும்.

பின்பக்கத்தைத் தாழ்த்தும் ஆசை எல்லோருக்கும் வரும். ஷாக் ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் முழுதும் மேலே தூக்கிப் பார். பாட்டரிப் பெட்டியிலோ வயரிலோ டயர் உரசாத உயரம் எதுவோ, அதற்கு மேல் தாழ்த்தக் கூடாது. 50 மி.மீ. தாழ்த்தினால் ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நேராக நின்று காற்றடித்தால் மறுபக்கம் சாயும்.

ஹைவெல்ட்_வாசி
50 மி.மீ. தாழ்த்தினால் ஸ்டாண்டு மட்டுமல்ல, ஸ்டீயரிங்கும் மாறும். உதாரணத்துக்கு ரேக் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) 33 டிகிரி, முன் டயரின் ஆரம் 339 மி.மீ. (21 அங்குலம்), ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்பின் முன்தள்ளல் 50 மி.மீ. என்று வைப்போம். டிரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம், ஏறக்குறைய 160 மி.மீ. வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடைத்தூரம்) 1,600 மி.மீ. உள்ள வண்டியின் பின்பக்கத்தை 50 மி.மீ. இறக்கினால் ரேக் கிட்டத்தட்ட 1.8 டிகிரி கூடும், டிரெயில் 175 பக்கம் போகும். நெடுஞ்சாலையில் நேராக நிற்கும். ஆனால் ரோபோவில் (சிக்னலில்) மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் தானாகவே உள்பக்கம் விழும். ஃபோர்க்கையும் கிளாம்பில் கொஞ்சம் மேலே தள்ளினால் இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தள்ளும்போது முன் மட்கார்டு கிளாம்பில் இடிக்கிறதா என்று முழு அழுத்தத்தில் பார்க்கவும்.

மின்கம்பி
காவடி மாதிரி தலைக்கு மேலே ஹேண்டில்பார் தூக்குபவர்களுக்கு: உயரம் கூடும் ஒவ்வொரு 50 மி.மீ.க்கும் கிளட்ச் கேபிள், இரண்டு ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் அதே அளவு நீள வேண்டும். சுவிட்ச் கம்பிகளை நீட்டும்போது எல்லா ஒட்டையும் ஒரே இடத்தில் வைத்தால் கொத்தாகப் பாருக்குள் நுழையாது. ஒவ்வொன்றையும் 30 மி.மீ. தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். சீட்டிலிருந்து பார் எவ்வளவு உயரலாம் என்பதற்குச் சாலை விதிகளில் வரம்பு உண்டு. பார் வாங்கும் முன் ரோட்வொர்த்தி (வண்டி சாலைக்குத் தகுதியா என்று சோதிக்கும்) மையத்தில் கேட்டுவிடுவது நல்லது.

எல்லா விளக்கையும் எல்இடி ஆக்கினால் ரெகுலேட்டருக்கு நிம்மதி என்று ஒரு நம்பிக்கை. இந்த வண்டிகளின் ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தைத் தரைக்குத் தள்ளும் வகை. விளக்கு எடுக்காததை அது சூடாகத் தின்கிறது. சீட்டுக்கடியில், பின் சிலிண்டரின் அனலுக்கு நேரே அதை ஒளித்தால் சீக்கிரம் போகும். காற்றுப் படும் இடம், அலுமினியத் தகட்டின் மேல், நடுவில் வெப்பப் பசை. லித்தியம் பாட்டரி வைக்கும் முன் 4,000 சுற்றில் பாட்டரி முனையில் அளந்து 14.6 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பவுடர் கோட் அடித்து வந்த ஃபிரேமில் எர்த் கம்பியைப் பெயிண்ட் மேலேயே முடுக்குவது பழைய வியாதி. அந்த இடத்தைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

வெருலம்_வீல்
சைலன்சருக்குத் துணி சுற்றுவது, குட்டைக் குழாய் இரண்டுக்கும் உங்கள் கருத்து?

கரும்புத்தோட்டம்
துணி வேண்டாம். உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே தங்கி, இரும்புக் குழாயை வெளியிலிருந்து அரிக்கும். அவிழ்க்கும் நாள் வரை தெரியாது. குட்டைக் குழாய் போடுவதானால் உள்ளே தடுப்பாவது வை. வெறும் குழாயில் திரும்பி வரும் அழுத்த அலை, நடுச்சுற்றில் கலவையைக் குழப்பி இழுவையைக் கெடுக்கும். சத்தம் இருக்கும், வேகம் இருக்காது.

பட்டறைக்காரன்
காகிதத்துக்கு வருவோம், வண்டி வேறு மாகாணத்திலிருந்து வருகிறது. ஃபிரேம் கழுத்தில் உள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றியது என்றால் போலீஸ் க்ளியரன்ஸ் வாங்கி, பதிவிலும் மாற்றியிருக்க வேண்டும். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால் திரும்பி வந்துவிடு. பதிவில் கோட் 3 என்றிருந்தால் விபத்து அல்லது உடைசலிலிருந்து மீட்டுக் கட்டிய வண்டி. சட்டப்படி ஓட்டலாம், ஆனால் விலை நன்றாகக் குறைய வேண்டும், காப்பீட்டுக்காரரிடமும் முன்பே கேள். கோட் 3ஏ உதிரிக்கு மட்டும், கோட் 4 அழித்த வண்டி; இரண்டும் இனி சாலைக்கு வராது. அந்த ஃபிரேமில் பணம் போடுவது ஆற்றில் போடுவது.

பவுடர் கோட்டுக்குக் கொடுக்கும்போது கழுத்து எண்ணின் மேல் வெப்பம் தாங்கும் நாடா ஒட்டச் சொல். தடித்த பூச்சுக்கு அடியில் எண் மறைந்தால் ரோட்வொர்த்தியில் நிற்கும். 2012 செப்டம்பருக்குப் பின் முதல் பதிவான வண்டி என்றால் மைக்ரோடாட்டும் (அடையாள எண் பொறித்த நுண்புள்ளிகள்) இருக்கும். மணல் அடித்தால் அது போய்விடும், திரும்பப் போட வேண்டும். வல்கன் 800 அதைவிடப் பழையது என்பதால் உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

மின்கம்பி
பட்ஜெட் இல்லாதவர்கள் இந்த இழையைப் படித்தால்: ராயல் என்ஃபீல்ட் ஷாட்கன் 650 வெட்டாமலே பாதி பாபர். பின்சீட்டும் அதன் தாங்கியும் கழன்று வரும், ஒற்றை சீட் ஆகிவிடும். சென்னைக்குப் பக்கத்தில் செய்த வண்டி என்ற பாசத்தில் சொல்லவில்லை, 648 சிசி எஞ்சின் நிஜமாகவே மென்மை. ஆனால் 240 கிலோ, ஏபிஎஸ், இன்ஜெக்‌ஷன். சக்கரம் மாற்றினால் ஏபிஎஸ் வளையமும் சென்சார் இடைவெளியும் பொருந்த வேண்டும், கிரைண்டர் எடுத்தால் வாரண்டி போகும்.

வெருலம்_வீல்
வல்கனைப் பார்க்க சனிக்கிழமை போகிறேன். அங்கே நின்றபடி என்ன பார்க்க வேண்டும்?

ஹைவெல்ட்_வாசி
போகும் முன்பே போனில் சொல்லுங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. குளிர்ந்த எஞ்சின் சோக்கில் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் கார்புரேட்டரின் ஜாதகம். எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடியில் அளவு வரம்பைத் தாண்டியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வந்தால் மிதவை ஊசி ஒழுகுகிறது. அந்த எண்ணெயில் எஞ்சினை ஓட்டவே கூடாது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு பாருங்கள். லேசான துரு என்றால் வெந்நீரில் 5 முதல் 10 சதவீதம் சிட்ரிக் அமிலம், ஒரு நாள் ஊறல், பிறகு சோடா மாவுத் தண்ணீரில் கழுவி உடனே உலர்த்தினால் போகும். கையால் அழுத்தினால் தகரம் உள்வாங்கினால் டேங்கே மாற்ற வேண்டும்.

ரேடியேட்டர் மூடி குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்கவும். பழுப்புத் தண்ணீர் இருந்தால் கூலண்ட் போடாமல் குழாய்த் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். ஃபேன் வரும் வரை நின்ற இடத்தில் ஓட விடுங்கள், தானாக வந்து தானாக நிற்க வேண்டும். பிறகு முன்பக்கம் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் ஸ்டீயரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு மாற்று எளிது, ஆனால் ஸ்டீயரிங் நிறுத்தும் முட்டு நசுங்கியிருந்தால் விழுந்த வண்டி. கழுத்து வெல்டில் பெயிண்ட் வெடிப்பையும் பாருங்கள்.

பட்டறைக்காரன்
கழற்றிய மூலப்பொருட்கள் எல்லாம் இருக்கிறதா என்றும் கேள். ஏர்பாக்ஸ், பின் மட்கார்டு, கண்ணாடி, இன்டிகேட்டர். ரோட்வொர்த்திக்கு மூல நிலையில் கொண்டுபோய்ப் பதிவை உன் பேருக்கு மாற்றி, அதற்குப் பிறகு கிரைண்டரை எடு. ஏர்பாக்ஸ் இல்லாத வண்டிக்கு விலையில் 3,000 ராண்டாவது குறைக்கச் சொல்.

வெருலம்_வீல்
ஏர்பாக்ஸ் இருக்கிறதாம், இப்போதுதான் கேட்டேன். ஆனால் "ஜெட் மாற்றியிருக்கிறோம், எண் ஞாபகமில்லை" என்கிறார்.

ஹைவெல்ட்_வாசி
கிண்ணத் திருகுக்கு நல்ல ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். ஜப்பான் திருகுக்குச் சாதாரண பிலிப்ஸ் முனை தலையைத் தின்னும், ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை வேண்டும். வாங்கும் முடிவு எடுத்த பிறகு அங்கேயே திறந்து எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். டர்பன் வந்து இறங்கும் முன் சரியான ஜெட்டுக்கு ஆர்டர் போட்டுவிடலாம்.